முப்பத்தேழாம் எண், 9.42

முப்பத்தேழாம் எண்காரர் காலை 9.42-க்கு ஆழ்வார்திருநகரியைக் கடந்தார் என்று என் பதிவேட்டில் இருக்கிறது. எழுத்து என்னுடையது. நீல மை. வரி கோணாமல், எண் சிதையாமல் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் சரி பார்த்ததற்கு அடையாளமாக ஒரு சிவப்பு டிக். அவர் அந்த நேரத்தில் ஆழ்வார்திருநகரியைக் கடக்கவில்லை. அன்றைக்கு எந்த நேரத்திலும் கடக்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. காலப்போக்கில் அது வருத்தமாக மாறும் என்று என் மனைவி சொன்னாள். மாறவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கைப்பேசி எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவசரமென்றால் எஸ்.டி.டி. பூத்தைத் தேடி ஓட வேண்டும், அதுவும் பெரிய ஊர்களில்தான். திருநெல்வேலி வட்டாரத்தில் நாங்கள் ஒன்பது பேர், ஹாம் ரேடியோக்காரர்கள். பரீட்சை எழுதி, தந்தி மொழியில் அடித்துக் காட்டி, தில்லியிலிருந்து உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் செட் வைத்து ஊர் உலகத்தோடு பேசுகிறவர்கள். பேசுவதற்குப் பெரிதாக விஷயம் இருக்காது. உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது, என் குரல் எப்படிக் கேட்கிறது, அங்கே மழையா. அதைத் தேதி, நேரம் போட்டு எழுதி வைப்போம். எனக்கு அந்த எழுதி வைப்பதுதான் பிடித்திருந்தது. பதினெட்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். பிழைப்பும் அதைப் போன்றதுதான். ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை.

வண்ணார்பேட்டையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி ஓர் ஓட்டப் பந்தயம் வைப்பதென்று முடிவு செய்தார்கள். வண்ணார்பேட்டையில் தொடங்கி, தாமிரபரணியை ஒட்டிய சாலையில் செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாக ஏரல் வரை. ஏறத்தாழ நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு யார் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்கு எங்களை அழைத்தார்கள். கலெக்டர் அலுவலகத்து அனுமதிக் கடிதம் வரை எல்லாம் முறையாக வாங்கினேன். திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆறு வாரம் உழைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளில் ஒரு கைச் செட்டைக் கட்டிக்கொண்டு அந்தச் சாலையில் போனேன். ஏரலில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த என் வயதுக்காரர் ஒருவர், எங்கள் ஒன்பது பேரில் ஒருவர், கருங்குளம் மலை மேல் இன்னொரு செட்டோடு உட்கார்ந்திருப்பார். அரை கிலோமீட்டருக்கு ஒரு தரம் நின்று கூப்பிடுவேன். தெளிவு, இரைச்சல், கேட்கவில்லை என்று மூன்று குறி. தண்ணீர் பாய்ந்த வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் நின்றால் குரல் பாதியாகிவிடும். அதே இடத்தில் பத்தடி தள்ளி மேட்டில் ஏறினால் மணி மாதிரி கேட்கும். மலையில் கட்டுப்பாட்டு நிலையம் வைத்தால் மேற்கே வண்ணார்பேட்டையும் கிழக்கே ஏரலும் எட்டும் என்று தெரிந்தது. டிவி ஆண்டெனாவுக்குப் போடுகிற தட்டை ஒயரை அளந்து வெட்டி ஆறு ஆண்டெனா செய்தேன். மரத்தில் தொங்கவிட்டால் போதும். மோட்டார் சைக்கிள் பேட்டரிகளை முதல் நாளே சார்ஜ் ஏற்றி நம்பர் போட்டேன்.

தாளையும் நானே வரைந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் ஒரு தாள். இடது பக்கம் ஓட்டக்காரரின் எண், வலது பக்கம் கடந்த நேரம். கால் மணிக்கு ஒரு தரம் சாவடிகள் அந்தப் பட்டியலை வயர்லெஸ்ஸில் வாசிக்கும். மலையில் நான் ஒரு பெரிய தாளில் எல்லாச் சாவடிகளையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வேன். செய்துங்கநல்லூரைத் தாண்டியவர் கருங்குளத்தில் வர வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியவர் ஆழ்வார்திருநகரியில் வர வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் நேர் வர வேண்டும். யாராவது வராமல் போனால் எந்த இரண்டு ஊருக்கு நடுவில் என்று பார்த்தவுடன் தெரியும். அந்தத் தாளை எங்கள் ஆட்களிடம் காட்டியபோது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கு வாய் கசக்கிறது.

கமிட்டிக் கூட்டம் இரண்டு தடவை போனேன். தலைவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. பங்குனியில் வேண்டாம், தையில் வைக்கலாம் என்றேன்.

"தைல சிறப்பு விருந்தினருக்குத் தோதுப்படல வே," என்றார். "பங்குனில வெயிலு அடிக்கத்தான் செய்யும். ஓடுதவன் செத்தா போவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்றுதான் நினைவு.

எங்களிடம் ஆறு செட் தேறியது. நான்கு சாவடிகள், ஏரல் முடிவிடம், ஆக ஐந்து. கருங்குளம் சாவடி மலையடிவாரத்திலேயே என்பதால் அதையும் கட்டுப்பாட்டையும் ஒரே செட்டில் முடித்தேன்; அடிவாரத்தில் எழுதிய தாளைப் படியேறிக் கொண்டுவர ஒருவரை வைத்தேன். ஆறாவது செட் கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வருகிற ஜீப்பில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். தலைவர் அதன் மேல் விரலை வைத்தார்.

"இத மேடைக்குக் குடுத்துரும்."

"ஏரல்ல ஏற்கெனவே ஒரு செட்டு இருக்கு, அண்ணாச்சி."

"அது கீழ டேபிள்ல இருக்கு. மேடைல ஒண்ணு இருந்தாத்தான சனம் பாக்கும். சத்தமா வையும். அங்க வந்துட்டான் இங்க வந்துட்டான்னு கேக்கட்டும்."

கொடுத்துவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. திட்டத்தில் ஜீப் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, மேடை என்று அதே அழகான எழுத்தில் எழுதினேன்.

அன்று காலை ஆறு மணிக்கு எண்பத்துமூன்று பேர் ஓடத் தொடங்கினார்கள். நான் நாலரைக்கே மலைப்படி ஏறிவிட்டேன். கோயில் மதிலோரம் நிழலில் பாய் விரித்து, ஆண்டெனாவை மரக்கிளையில் தூக்கிக் கட்டி, தாளின் நான்கு மூலையிலும் கல் வைத்து உட்கார்ந்தேன். எட்டு மணிக்குள் முன்னணிக்காரர்கள் கருங்குளத்தைத் தாண்டினார்கள். மேலிருந்து பார்த்தால் சாலையில் எறும்பு போல. எட்டரைக்குள் வெயில் பாறையில் ஏறிவிட்டது. அதுவரை ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள்; ஒன்பது பேரும் எந்த இடத்தில் நின்றார்கள், எதில் ஏறினார்கள் என்பது என் தாளில் இருந்தது. மனசுக்குள் ஒரு திருப்தி. அதை மறைக்கவில்லை.

ஆழ்வார்திருநகரிச் சாவடியில் இருந்தவர் எங்களில் மூத்தவர். அரசாங்க அலுவலகமொன்றில் கணக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற எட்டுப் பேருக்கும் அண்ணாச்சி. அவர் பதிவேடு எழுதினால் அச்சடித்தது போல இருக்கும். என் எழுத்துக்கு ஈடான எழுத்து அவருடையது ஒன்றுதான். அந்த இடத்துக்கு அவரை நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன். முப்பத்து மூன்றாவது கிலோமீட்டர், ஆட்கள் தளர்ந்து விழுகிற இடம். அங்கே கவனமான ஆள் வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த பட்டியலில் இப்படி இருந்தது: 12-ஆம் எண் 9.03. 37-ஆம் எண் 9.05. 58-ஆம் எண் 9.06. ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒன்பதே முக்காலுக்கு வந்த பட்டியலில் 12 இருந்தது, 9.40. அடுத்தது 58, 9.44. முப்பத்தேழு இல்லை.

நான் செட்டை எடுத்தேன். என்ன சொன்னேன் என்பது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, முப்பத்தேழு உங்க லிஸ்ட்ல இல்லையே. ஸ்ரீவைகுண்டத்துல 9.05-க்குப் போயாச்சு. விட்டுப்போச்சா, பாருங்க."

இரண்டு நிமிடம் சத்தமில்லை. பிறகு அவர் குரல், நிதானமாக.

"இருக்கு வே, இருக்கு. ஒன்பது நாப்பத்திரெண்டு. எழுதிக்கிடும்."

எழுதிக்கொண்டேன். கட்டம் நேர் வந்துவிட்டது. சிவப்பு டிக் போட்டேன்.

அந்த முப்பத்தேழாம் எண்காரர் வண்ணார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவர். வயது முப்பத்தெட்டு. தினமும் விடியுமுன் ஆற்றுப்பாலம் வரை ஓடிவிட்டு வேலைக்குப் போகிறவர். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அவர் மனைவி காலை எட்டு மணி கழிந்து பஸ்ஸில் ஆழ்வார்திருநகரிக்கு வந்து இறங்கி, கையில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோடு ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு சாவடி மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அங்கேதான் வாங்கிக் குடிப்பதாகப் பேச்சு. ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் கணவர் வரவில்லை. பத்தேகால் ஆனதும் எங்கள் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறார்.

"போயாச்சேம்மா. ஒன்பது நாப்பத்திரெண்டுக்கே போயாச்சு. இங்க பாரு," என்று தாளைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

"நான் இங்கனதான நின்னேன், ஐயா."

"கூட்டத்துல விட்டிருப்ப. ஏரலுக்கு பஸ் வருது, ஏறிக்கோ. முன்னால போனா அங்க பாக்கலாம்."

தாளில் இருந்ததால் அந்த அம்மா நம்பினார். தன் கண்ணைவிடத் தாளை நம்பினார். பஸ் ஏறினார்.

பதினொன்றரை மணிக்கு ஏரலிலிருந்து எலக்ட்ரிக் கடைக்காரர் கூப்பிட்டார். முப்பத்தேழாம் எண்காரரின் வீட்டம்மா வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று. நான் தாளைப் பார்த்தேன்.

"ஆழ்வார்திருநகரியத் தாண்டியாச்சு. ஏரலுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கார். மெதுவா வருதாரு போல. வந்துருவாருன்னு சொல்லுங்க."

பன்னிரண்டு மணிக்குப் பந்தயம் முடிந்ததாக மேடையில் அறிவித்தார்கள். மேடைச் செட்டிலிருந்து கைதட்டல் என் காதில் விழுந்தது. சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வரவில்லை. இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஆழ்வார்திருநகரிக்கும் ஏரலுக்கும் நடுவில் அனுப்பினேன். சாலையின் இரண்டு பக்கமும், டீக்கடை, பம்புசெட், மரத்தடி என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். அந்த மனிதர் அங்கே இருந்தால்தானே.

பின்னால் வந்த ஜீப்பைத் தேடினேன். அதில் செட் இல்லை. விருந்தினருக்கு மாலை வாங்கி வர அது ஸ்ரீவைகுண்டத்திலிருந்தே முன்னால் போய்விட்டது என்று ஏரலில் இருந்து யாரோ சொன்னார்கள்.

பன்னிரண்டரைக்கு எலக்ட்ரிக் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"இந்த அம்மா வேற என்னமோ சொல்லுதாங்க வே. அவங்களே பேசட்டுமா?"

"உரிமம் இல்லாதவங்க செட்டுல பேசக்கூடாது. உமக்குத் தெரியாதா? நீரு கேட்டுச் சொல்லும்."

அப்படித்தான் சொன்னேன். ஒரு மனிதர் மூன்று மணி நேரமாகக் காணவில்லை, நான் விதி சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொத்தானை அழுத்தி, மைக்கை அந்த அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்துவிட்டார்.

"சார், நான் காலையிலேந்து ஆழ்வார்திருநகரில நின்னேன். எடத்த விட்டு நவுரல. அவுக அங்கன வரல. ஒங்க தாள்ல என்ன எழுதிருந்தாலும் அவுக வரல. தாளையே பாத்துச் சொல்லுதியளே, ஆளப் பாத்தது யாரு சார்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்த அம்மா மேல் இல்லை. விதியை மீறிய கடைக்காரர் மேல். அவரைத் திட்டினேன். திட்டி முடித்து, எப்போது, யார் மீறினார் என்று குறித்து வைக்கப் பேனாவை எடுத்தபோதுதான் தாளில் அந்த வரி கண்ணில் பட்டது. மற்ற எண்களெல்லாம் வரிசையில் இருந்தன. முப்பத்தேழு மட்டும் ஓரத்தில், பிற்பாடு சேர்த்தது. 9.40-க்கும் 9.44-க்கும் சரியாக நடுவில் 9.42.

ஆழ்வார்திருநகரியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, முப்பத்தேழ நீங்க கண்ணால பாத்தியளா?"

"என்ன வே கேக்கேரு?"

"பாத்தியளா, இல்லையா?"

அவர் சொன்னார்.

"மூணாவது சாவடியத் தாண்டுனவன் நாலாவதத் தாண்டாம எங்கன வே போவான்? நடுவுல ஒரு காப்பி குடிச்சேன். அந்நேரம் போயிருப்பான்னு போட்டேன். முன்ன போனவனுக்கும் பின்ன போனவனுக்கும் மத்தில. கணக்குச் சரியா வந்துச்சு."

கணக்குச் சரியாக வந்ததாம். ஒன்பது நாற்பது வாக்கில் என்று சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். நாற்பத்திரண்டு என்றார். அந்த இரண்டில்தான் நான் விழுந்தேன். நிமிடம் சுத்தமாகச் சொல்கிறவன் பார்த்துத்தான் சொல்வான் என்று நினைக்கிற புத்தி எனக்கு. அதே புத்திதான் அவருக்கும். வாழ்நாள் முழுக்கத் துண்டு விழாத கணக்கு எழுதிப் பழகியவர், ஒரு வரி குறைகிறது என்றால் அதை இட்டு நிரப்பாமல் அவருக்குக் கை ஓயாது.

ஸ்ரீவைகுண்டத்துக்காரரைச் சாவடியை மூடிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிழக்கே போகச் சொன்னேன். சாலையை ஒட்டி ஓடுகிற வாய்க்கால் கரையையும் பார்க்கச் சொன்னேன். ஒன்றே காலுக்கு அவர் குரல் வந்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து இரண்டாவது கிலோமீட்டரில், சாலையிலிருந்து முப்பதடி உள்ளே, வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையில். தலையை நனைத்துக்கொள்ள இறங்கியிருக்கிறார். ஒரு கை தண்ணீரில் கிடந்தது. மூச்சு இருந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை. உடம்பு அடுப்பாகக் கொதித்தது, வேர்வை இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தவர்தான் இடத்தைக் காட்டினார். அவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரரிடம் சொன்னது இது: "பத்து மணிக்கே பாத்தேன் சார். குப்புறக் கெடந்தாரு. குடிச்சிட்டுக் கெடக்காருன்னு நெனச்சுப் பைய ஒதுங்கிப் போயிட்டேன். தேடுதாங்கன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் காட்டிருப்பேன்லா."

யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் விழுந்து கிடந்தவரிடமிருந்து எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் மரத்தடி மரத்தடியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள், என் உத்தரவின்படி.

ஒரு வேனை மறித்து அவரை ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்தார். ஆனால் நடை தள்ளாடியது, கை நடுங்கியது. வெயில் மூளையைத் தொட்டுவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரும்பை நூல் பிசகாமல் கடைகிறவருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நானும் கோடு போட்டுப் பிழைக்கிறவன்.

ஒரு வாரம் கழித்துக் கமிட்டி கூடியது. அறிக்கையைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். பந்தயம் சிறப்பாக நடந்தேறியது. வயர்லெஸ் ஏற்பாடு அனைவராலும் பாராட்டப்பட்டது. ஓட்டக்காரர் ஒருவர் தாமாகப் பாதையை விட்டு விலகியதால் உடல்நலம் குன்றினார். நான் எழுந்து, அவர் வேலைக்கு உதவாமல் போனதற்கு நாம்தான் காரணம், மூன்று மணி நேரம் அவர் வேறொரு இடத்தில் இருப்பதாக நாம் நம்பினோம் என்றேன்.

"பாதைய விட்டு வெலகுனாரா இல்லையா? அதச் சொல்லும்," என்றார் தலைவர்.

"தல நனைக்க எறங்கினாரு. வழில நாம தண்ணி வச்சிருந்தா அவரு ஏன் வாய்க்காலுக்குப் போறாரு?"

"உக்காரும் வே. ஆளு உசுரோட இருக்கான்லா. பெறகென்ன?"

அன்றோடு அந்தக் கமிட்டியின் வாசலை மிதிக்கவில்லை. அவர்கள் என்னைத் தேடவும் இல்லை.

ஆழ்வார்திருநகரிச் சாவடி அண்ணாச்சி என் வீட்டுக்கே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. சட்டைப் பையில் பேனா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த வரிய அடிச்சிரும் வே. கைத்தவறுன்னு போட்டு அடிச்சிரும். நானும் என் தாள்ல அடிச்சிடுதேன்."

"நடந்தத எழுதுன பெறகு அடிக்க முடியாது, அண்ணாச்சி."

"நடக்காததத்தான வே எழுதிருக்கு? அத அடிச்சா என்ன?"

"நீங்க சொன்னீங்கங்கிறது நடந்ததுதான."

அவர் முகம் சிவந்துவிட்டது. "முப்பத்தாறு வருசம் சர்வீஸ். ஒரு ரிமார்க் கெடையாது. இப்ப ஊரெல்லாம் நான் என்னமோ பொய்க்கணக்கு எழுதுனவன்னு பேசுதான். ஒண்ணு கேக்கேன். நான் மொதல்ல வாசிச்ச லிஸ்ட்ல அவன் இருந்தானா? இல்லல்லா? நான் பாட்டுக்குப் பாத்தத வாசிச்சேன். நீருதான், அவன் போயாச்சு, விட்டுப்போச்சா பாருன்னு சொன்னீரு. நேரத்தயும் சேத்துச் சொன்னீரு. நீரு சொல்லலன்னா நான் எழுதிருப்பனா? நீரு கேட்டது ஒம்ம பதிவேட்டுல இருக்கா? எடும், பாப்போம்."

நான் எடுக்கவில்லை. இல்லை என்று எனக்குத் தெரியும். சாவடிகள் சொன்னதைத்தான் எழுதினேன். நான் சொன்னதை எழுதவில்லை. அந்தத் தாளில் குற்றவாளி ஒருவர்தான். வரவில்லை என்று எழுத அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. எண்ணுக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டு அதை வரைந்தவன் நான்.

அவர் போன பிறகு கோபம் இன்னும் கூடியது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் குறைந்திருக்கும்.

இரண்டு மாதம் கழிந்து ஒரு சாயங்காலம் முப்பத்தேழாம் எண்காரரும் மனைவியுமே வந்தார்கள். அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினார். மெலிந்த, உயரமான ஆள். வலது கை தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். எப்படியோ விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். அவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. நினைவு தப்பிய பிறகு நடந்தது எதுவும் அவரிடம் இல்லை.

"என்னைய ஆழ்வார்திருநகரில பாத்ததா எழுதிருக்காமே. இவ சொல்லுதா. அத நான் பாக்கணும்."

பெரிய தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இலக்கம் இலக்கமாகப் பார்த்தார் என்று தோன்றியது.

"நல்லா எழுதிருக்கிய," என்றார். பாராட்டா வேறா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது சொன்னேன். நான் கேட்ட கேள்வியை, சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். அது இந்தத் தாளில் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கை மடியிலிருந்து நழுவி மேஜைக் காலில் தட்டியது. எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் வாய்க்கால்ல கெடக்கேன். நீங்க ரெண்டு பேருமாச் சேந்து என்னைய ஓட வச்சிருக்கிய."

மன்னிப்புக் கேட்டேன். மனைவிதான் பேசினார். அந்த அம்மாவின் பார்வை தாளை விட்டு எடுபடவே இல்லை.

"நான் சொன்னது எங்கனயாச்சும் எழுதிருக்கா சார்?"

இல்லை. பன்னிரண்டு மணி முப்பத்திரண்டு நிமிடத்துக்கு உரிமம் இல்லாத நபர் ஒருவர் பேசினார் என்று எழுதியிருந்தேன். என்ன பேசினார் என்று எழுதவில்லை. அன்று அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டரிலும் உண்மையைச் சொன்ன ஒரே தகவல் அது.

நாட்குறிப்பை எடுத்தேன். அவர்கள் முன்னாலேயே எழுதினேன்: முப்பத்தேழாம் எண்காரரின் மனைவி காலை எட்டரை மணியிலிருந்து ஆழ்வார்திருநகரிச் சாவடி அருகே நின்றார். இடத்தை விட்டு நகரவில்லை. முப்பத்தேழாம் எண்காரர் அங்கே வரவில்லை. மனைவி இதை எங்களிடம் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை.

எழுதிவிட்டு அந்த அம்மாவின் பக்கம் திருப்பினேன். அவர் உதடு அசைய, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"எட்டர இல்ல, சார்," என்றார். "எட்டு இருவது. பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே பூக்கடைக்காரர்ட்ட மணி கேட்டேன். அவுக வாரதுக்கு முன்னாடி வந்துட்டமான்னு பாக்கத்தான் கேட்டேன்."

எட்டரையை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 8.20 என்று எழுதினேன்.